அவங்க குடிக்கட்டும்

முக்தார் அகமதுவைப் பிடிவாதக்காரர் என்று சொன்னால் ஆம்பூரில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அவரே வர மாட்டார். நாலு பேர் கூடின இடத்தில் தன் பிடிவாதத்தைத் தானே எடுத்துச் சொல்லிச் சிரிக்கிற ஆள் அவர். பன்னிரண்டு வயதில் பிடிக்க ஆரம்பித்த ரமலான் நோன்பை எழுபத்து நாலு வயது வரை ஒரு நாள்கூட விட்டதில்லை என்பார். குடலிறக்க ஆபரேஷனுக்குத் தேதி குறித்த டாக்டரிடம், பெருநாள் முடியட்டும் என்று சொல்லிவிட்டு, வலியோடு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தவர். சர்க்கரை வந்தபிறகு நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் அதையே சொன்னார். முடியாதவர்கள் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும், மார்க்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார்.

"அது முடியாதவங்களுக்கு ஹஜ்ரத். எனக்கு இன்னா கொறச்சல்?" என்று கேட்டுவிட்டு வந்தார் முக்தார்.

இந்த வீம்பில் பாதி அவர் மனைவி சுகரா பேகத்துக்குச் சேர வேண்டியது. இவர் நோன்பு பிடிக்க, விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து அடுப்பு பற்ற வைத்தவள் அவள். சாயங்காலம் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் இவர் கையில் கொடுத்து, பிள்ளைகளுக்குக் கொடுத்து, வந்த விருந்தாளிக்குக் கொடுத்து, கடைசியாகத் தன் டம்ளரை எடுத்தவளும் அவள்தான். அவளும் அன்றைக்கு நோன்புதான், அவளுக்கும் தாகம் இருக்கும் என்பதெல்லாம் முக்தாருக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். ஆனால் அது பற்றி நினைத்துப் பார்க்கிற சந்தர்ப்பம் அவருக்கு வாய்க்கவே இல்லை.

அவளுக்கு மறதி வந்து நாலைந்து வருஷம் ஆகிறது. முதலில் அடுப்பில் வெறும் தேக்சா பாத்திரத்தை வைத்துவிட்டுக் குழம்பு கொதிக்கிறது என்றாள். பிறகு தெருமுனைக் கடைக்குப் போனவள் ரயில்வே கேட் வரை போய் நின்றாள். ஒரு நாள் மருமகள் உமைமாவைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணு கண்ணு? நல்லா இருக்குற" என்றாள். உமைமா சிரித்துச் சமாளித்துவிட்டுச் சமையலறையில் போய் அழுதாள். வேலூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் மூளைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, நிறையச் சொன்னார். அதில் ஒன்றுதான் எல்லோருக்கும் நன்றாகப் பிடிபட்டது.

"தாகம்னு ஒண்ணு இருக்குறதே இவங்களுக்கு மறந்து போய்டும். தண்ணி வேணும்னு கேக்க மாட்டாங்க. நீங்கதான் ஞாபகம் வச்சு, கொஞ்சம் கொஞ்சமா, பகல் பூரா குடுத்துக்கிட்டே இருக்கணும். இதுல விட்டீங்கன்னா மாத்திரையால ஒண்ணும் ஆகாது."

அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீர் கொடுப்பது ஒரு தனி உத்தியோகம் ஆனது. மகன் ஒவைஸ் ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். அதனால் உத்தியோகம் உமைமாவுக்கும் முக்தாருக்கும்தான். வெறும் தண்ணீர் என்றால் சுகரா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சிவப்பு சர்பத் ஊற்றினால் கொஞ்சம் பார்ப்பாள். தர்பூசணியை வெட்டிக் கொடுத்தால் நாலு துண்டு போகும். வெள்ளரிக்காய், இளநீர், தண்ணீராகக் கரைத்த கஞ்சி என்று உமைமா ஏதேதோ செய்து பார்த்தாள். எல்லாவற்றையும்விட நன்றாகப் பலித்தது முக்தார் கண்டுபிடித்த வழிதான். அவர் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவார்.

"வா சுகரா, ரெண்டு பேரும் குடிக்கலாம்."

அவர் ஒரு வாய் குடித்தால் அவள் ஒரு வாய் குடிப்பாள். அவர் முடித்தால் அவளும் முடிப்பாள். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவை உட்கார்ந்தாலும் சலிக்காமல் குடித்தாள். முக்தாருக்கு ஏகப் பெருமை. நான் கொடுத்தால்தான் குடிக்கிறாள் பார் என்று ஒவைஸிடம் சொல்லிக்கொண்டார். உமைமா மட்டும் ஒரு நாள், "உங்க கையால குடுக்குறதுக்காக இல்ல மாமா. நீங்க குடிச்சீங்களான்னு பாத்துட்டுத்தான் மாமி குடிக்கிறாங்க" என்றாள். முக்தார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரமலான் வந்தது. மார்ச் மாத வெயிலும் கூடவே வந்தது.

தன் தாயை அம்மி என்று கூப்பிடுகிற ஒவைஸ், அம்மிக்கு ரமலான் என்பதே தெரியாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று என்றான். ஆம்பூரில் ரமலானை மறைப்பது யாரால் ஆகும்? பிறை பார்த்ததும் தெருவே பரபரத்தது. பள்ளிவாசல் சங்கு ஊதியது. பெற்ற மகன் பெயரை மறந்தவள், அந்தச் சங்குச் சத்தத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்து, தலையில் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நாளைக்கு ரோஜா" என்றாள். நோன்பை அவள் ரோஜா என்றுதான் சொல்வாள். மறுநாள் காலை உமைமா நீட்டிய சர்பத்தைப் பார்த்து அதிர்ந்து போனாள்.

"ரோஜா பிடிச்சவளுக்கு இத குடுக்குறியே, உனக்கு புத்தி கெட்டுப் போச்சா?"

எவ்வளவு சொல்லியும் வாயைத் திறக்கவில்லை. முக்தார் ஹஜ்ரத்திடம் ஓடினார்.

"புத்தி தெளிவா இல்லாதவங்க மேல நோன்பு கடமையே இல்ல பாய். அவங்களுக்கு தண்ணி குடுக்குறதுதான் உங்க மேல கடமை. எப்படியாவது குடுங்க" என்றார் ஹஜ்ரத்.

எப்படியாவது என்பதற்கு வழி கண்டுபிடித்தவள் உமைமா. பதினோரு மணி வாக்கில் ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடினாள். கூடத்தில் தஸ்தர்கான் துணியை விரித்து, தட்டில் பேரீச்சம்பழமும் சமோசாவும் வைத்தாள். இரண்டு டம்ளர் சர்பத். பிறகு கைபேசியில் நோன்பு திறக்கச் சொல்லும் பாங்கு ஓசையை ஒலிக்க விட்டாள். சுகரா கண்ணை மூடி, இரண்டு கையையும் ஏந்தி துஆ ஓதினாள். பழத்தைக் கடித்தாள். டம்ளரைக் கையில் எடுத்தாள். எடுத்து, அப்படியே வைத்துக்கொண்டு முக்தாரைப் பார்த்தாள்.

"குடி" என்றார் அவர்.

"நீங்க?"

முக்தார் நோன்பாளி. வெளியே வெயில் கொளுத்துகிறது, நோன்பு திறக்க இன்னும் எத்தனையோ நேரம் கிடக்கிறது. அவர் தன் டம்ளரைத் தூக்கி, உதட்டில் வைத்து, சாய்த்து, சர்பத் உதட்டைத் தொடுவதற்குள் இறக்கிவிட்டு "ஆஹா" என்றார். சுகரா முழு டம்ளரையும் குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள். உமைமா திரைக்குப் பின்னால் நின்று சத்தமில்லாமல் கை தட்டினாள். அன்றைக்கு மத்தியானமும் ஒரு பாங்கு, மூன்றரை மணிக்கு ஒரு பாங்கு என்று நடத்தினார்கள். மக்ரிப் என்கிற அந்திப் பாங்கு ஒரே நாளில் இத்தனை தடவை வருகிறதே என்று சுகராவுக்குத் தோன்றவில்லை. இதைக் கேட்டு ஹஜ்ரத் சிரித்தார். அல்லா உங்கள் எண்ணத்தைத்தான் பார்ப்பான் என்றார். முக்தாருக்கு இரண்டு பக்கமும் ஜெயித்த சந்தோஷம். மனைவியும் தண்ணீர் குடிக்கிறாள், தன் நோன்பும் நிற்கிறது.

முதல் பத்து நோன்பு அப்படிப் போயிற்று. அதற்குமேல் ஒரு காலை, பாங்கு முடிந்து, முக்தார் வழக்கம்போல டம்ளரைச் சாய்த்து "ஆஹா" என்று சொன்னபோது, சுகரா குடிக்கவில்லை. கழுத்தை நீட்டி அவரையே உற்றுப் பார்த்தாள்.

"நீங்க குடிக்கலையே."

"குடிச்சேனே."

"தொண்டை அசையலையே."

முக்தாருக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவள். மகனைத் தெரியாது, மருமகளைத் தெரியாது, தான் இருக்கிற தெரு தெரியாது. ஆனால் இவர் தொண்டை அசைந்ததா இல்லையா என்பது தெரிகிறது. இரண்டாவது தடவை எச்சிலை விழுங்கித் தொண்டையை அசைத்துக் காட்டினார். அவள் டம்ளரை எட்டிப் பார்த்தாள். சர்பத் குறையவில்லை. தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"மொதல்ல நீங்க குடிங்க. காலையிலேர்ந்து வெறும் வயிறு. நான் அப்பறம் குடிச்சிக்கிறேன்."

அன்றைக்கு உமைமாவுக்கு மாதவிலக்கு, நோன்பு இல்லாத நாள். அவள் முன்னால் வந்து உட்கார்ந்து, "இதோ பாருங்க மாமி, நான் குடிக்கிறேன்" என்று மடமடவென்று குடித்துக் காட்டினாள். சுகரா அவள் தலையைத் தடவினாள்.

"நீ குடி கண்ணு. நீ சின்னப் பொண்ணு. அவங்க குடிக்கட்டும்."

அதற்குமேல் எந்தத் தந்திரமும் செல்லவில்லை. முக்தார் அவள் கண்ணில் படாமல் பின்கட்டில் போய் உட்கார்ந்து பார்த்தார். அவங்க எங்கே என்று கேட்டாள். ஊருக்குப் போயிருக்கிறார், பேர்ணாம்பட்டில் ஜோலி என்று உமைமா சொன்னாள். "வரட்டும்" என்றாள் சுகரா. பேர்ணாம்பட்டிலிருந்து அவர் வருகிற வரைக்கும் டம்ளரைத் தொடவில்லை. டம்ளரின் பாதியைக் கொட்டிவிட்டு, குடித்துவிட்டேன் பார் என்று முக்தார் நீட்டினார். தொண்டையைப் பார்க்கவில்லையே என்றாள்.

உமைமா கூடத்திலேயே கேட்டுவிட்டாள். மாமனாரிடம் எதிர்த்துப் பேசாத பெண் அவள்.

"மாமா, நீங்க குடிச்சிடுங்க. உங்களுக்கே சுகர் இருக்கு. நோன்பு வேணாம்னு டாக்டரும் சொல்ட்டாரு, ஹஜ்ரத்தும் சொல்ட்டாரு. தெனம் நாலு வாய் நீங்க குடிச்சா மாமி நல்லா இருப்பாங்க. யாருக்கு தெரியப் போவுது?"

யாருக்குத் தெரியப் போகிறது என்றது தப்பாகப் போயிற்று. முக்தார் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கு தெரியணும்? அல்லாவுக்கு தெரியாதா? அறுவது வருஷத்துக்கு மேல விடாம பிடிச்சத, ஒரு டம்ளர் சர்பத்துக்கு விடச் சொல்றியா?"

"சர்பத்துக்கு இல்ல மாமா. மாமிக்கு."

"சாயங்காலம் நோன்பு தெறந்ததும் ரெண்டு மடங்கா குடுத்துடலாம். பகல்ல கொறஞ்சத ராத்திரி சேத்துக் குடுத்தா சரியாப் போச்சு."

"தண்ணிய அப்படி மொத்தமா குடுக்க முடியுமா மாமா? டாக்டர் இன்னா சொன்னாரு?"

முக்தார் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். பதில் இல்லாதபோது அவர் போகிற இடம் அது. அங்கே உட்கார்ந்து குர்ஆன் ஓதினார். மனசு ஒட்டவில்லை. உமைமா சொல்வதில் நியாயம் இருப்பது அவருக்கு அப்போதே தெரிந்தது. ஹஜ்ரத் இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

சாயங்காலம் உண்மையான பாங்கு வந்தது. முக்தார் முதலில் குடித்தார், தொண்டை அசைந்தது, சுகரா ஆசையாக இரண்டு டம்ளர் குடித்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குத் தெம்பு வந்தது. மூன்றாவதை உமைமா கொடுத்தபோது தலையை ஆட்டினாள். நாலாவதைத் துப்பினாள். தொழுகைக்குப் போய்விட்டு அவர் திரும்பி வருவதற்குள் தூங்கிவிட்டாள். எழுப்பினால் பயந்து அடித்தாள். சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்றார் முக்தார். நாளையும் அதே மாதிரிதான் போயிற்று. அடுத்த நாளும், அதற்கடுத்த வாரமும்.

தர்பூசணியையும் தொடவில்லை. பகலில் ஒன்றும் இறங்கவில்லை. உதடு வெடித்தது, உமைமா வெண்ணெய் தடவினாள். வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவள் பேச்சைக் குறைத்தாள். ஒரு மத்தியானம் உமைமா வந்து, "மாமா, காலையில போட்ட டயப்பர் அப்படியே காஞ்சு கெடக்கு" என்றாள்.

"நல்லதுதானே, உனக்கு வேலை கம்மி" என்றார் முக்தார்.

சொல்லி முடித்ததுமே தன் பேச்சு தனக்கே அசிங்கமாகப்பட்டது. உமைமா காய்ந்த டயப்பரைச் சுருட்டிக்கொண்டு போனாள். ஒவைஸ் வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் அறைக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டது அவருக்குக் கேட்டது. ஒவைஸ் வெளியே வந்து, "அப்பா, நாளைக்கு அம்மிய டாக்டர் கிட்ட காட்டிடலாமா?" என்றான். பெருநாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை, அது முடிந்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும், இப்போது ஆஸ்பத்திரி என்று அலைந்தால் அவளுக்குத்தான் பேஜார் என்று முக்தார் ஒற்றைக் காலில் நின்றார். ரமலானிலேயே பெரிய ராத்திரியான இருபத்தேழாம் கிழமை வரப்போகிறது. அந்த ஒரு வாரத்தைக் கடத்திவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் அவர் மண்டையில் ஏறவில்லை. ஒவைஸும் விட்டுவிட்டான். அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லாத வீடு அது.

மறுநாள் உமைமா வழக்கம்போலத் திரைகளை மூடி, தஸ்தர்கான் விரித்து, கைபேசியில் பாங்கை ஒலிக்க விட்டாள். சுகரா எழுந்து உட்காரவில்லை. கட்டிலில் கிடந்தவள் கண்ணையே திறக்கவில்லை. உமைமா தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. விரல்கள் மட்டும் சில்லென்று இருந்தன.

"மாமா, மாமி எழுந்துக்க மாட்டேங்கறாங்க" என்று கத்திவிட்டு, ஒவைஸுக்குப் போன் போட்டுக்கொண்டே ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள்.

முக்தார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "சுகரா" என்றார். "அடியே சுகரா" என்றார். கைபேசியில் பாங்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தஸ்தர்கானில் இருந்த டம்ளரை எடுத்து வந்தார். அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய்க் குடித்தார். ஒரு வாய் இல்லை, முழு டம்ளர். தொண்டை ஏறி இறங்குவது தெரியட்டும் என்று தாடியை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

"பாரு, குடிச்சுட்டேன். தொண்டை அசையுது பாரு. கண்ணத் தொறந்து பாருடி. இப்ப நீ குடி."

அவள் பார்க்கவில்லை. இரண்டாவது டம்ளரை எடுத்தார். உமைமா ஆட்டோவோடு திரும்பி வந்தபோது, மாமனார் கூஜாவை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சர்பத் தாடியிலும் ஜிப்பாவிலும் வழிந்து, எங்கும் சிவப்பாக இருந்தது. குடித்துக்கொண்டே அழுதார். உமைமா அவர் கையிலிருந்து கூஜாவைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, "மாமியோட காலப் பிடிங்க மாமா, தூக்கணும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்து சுகராவின் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டாள். தூக்கிய தோல் இறங்கவில்லை. கூடாரம் போல அப்படியே நின்றது. முக்தார் தோல் மண்டிகளில் நாற்பது வருஷம் தோல் பார்த்துத் தரம் பிரித்தவர். கட்டை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, இது எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது, எங்கே உப்பு பற்றவில்லை என்று சொல்லிவிடுவார். தோல் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் அவர் சொன்ன தரத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையால் அவர் தன் மனைவியின் கையை இந்த ரமலானில் ஒரு தடவைகூடத் தடவிப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளா தண்ணி கொறஞ்சிருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"சாயங்காலத்துல குடிச்சாங்கம்மா" என்றார் முக்தார்.

"பகல்ல?"

பக்கத்தில் நின்ற உமைமா, "நோன்புன்னு நெனச்சுக்கிட்டு குடிக்க மாட்டேன்னுட்டாங்க டாக்டர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால், ஒரு சத்தம் போட்டிருந்தால், முக்தாருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

உடம்பில் உப்பு ஏறியிருக்கிறது, சிறுநீரில் கிருமி, சிறுநீரகம் களைத்துப் போயிருக்கிறது என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். டிரிப் ஏற்றினார்கள். சொட்டுச் சொட்டாக, பகல் பூராவும், ராத்திரி பூராவும் இறங்கியது. முக்தார் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தச் சொட்டையே பார்த்தார். பெருநாள் அங்கேயே வந்து போயிற்று. ஒவைஸ் புது ஜிப்பா கொண்டுவந்தான். அவர் போட்டுக்கொள்ளவில்லை.

சுகரா பிழைத்தாள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தாள், உட்கார்ந்தாள், ஊட்டினால் சாப்பிட்டாள். ஆனால் போனவள் முழுதாகத் திரும்பி வரவில்லை. இந்த நோயில் இப்படி ஒரு தடவை விழுந்தால், இறங்கின படி இறங்கினதுதான், திரும்ப ஏறுவது கஷ்டம் என்று வேலூர் டாக்டர் சொன்னார். பாங்கு கேட்டால் இப்போது அவள் துப்பட்டாவைத் தேடுவதில்லை. கையை ஏந்துவதில்லை. அவங்க எங்கே என்று யாரையும் கேட்பதில்லை.

முக்தார் ஒரு நாள் ஹஜ்ரத்தைத் தேடிப் போய், அன்றைக்குப் பகலில் நோன்பை முறித்துவிட்டேன், அதற்கு என்ன பரிகாரம் என்று கேட்டார். நடந்தது முழுவதையும் மறைக்காமல் சொன்னார்.

"அந்த ஒரு நாள் கெடக்கட்டும் பாய். அதுக்கு வழி இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு நாளாவது வந்து எங்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா குடின்னு சொல்லிடுவீங்கன்னு தெரியும் ஹஜ்ரத்" என்றார் முக்தார்.

இப்போது வீட்டில் தண்ணீர் கொடுப்பதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. உமைமா டம்ளரை வாயில் வைத்தால் சுகரா குடிக்கிறாள். ஒவைஸ் வைத்தாலும் குடிக்கிறாள். வீடு கூட்ட வருகிற பெண் வைத்தாலும் குடிக்கிறாள். உமைமா ஒவ்வொரு வேளையும் குடித்த அளவைச் சொல்லிச் சந்தோஷப்படுகிறாள். முக்தாரும் விடாமல் தன் டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்காருகிறார். "வா சுகரா, ரெண்டு பேரும் குடிக்கலாம்" என்கிறார். தொண்டை தெரிகிற மாதிரி முகத்தைத் தூக்கிக் குடிக்கிறார். அவள் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. சுவரைப் பார்த்தபடி தன்னுடையதைக் குடித்து முடிக்கிறாள்.

நேற்று சாயங்காலம் உமைமா இரண்டு டம்ளரில் சர்பத் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றைச் சுகராவின் கையில் கொடுத்தாள். முக்தார் தன்னுடையதை எடுத்தார், ஆனால் குடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திரும்பிப் பார்த்து நீங்க குடிக்கலையா என்று கேட்க மாட்டாளா என்று இருந்தது. டம்ளரைக் கீழே வைத்து, வீம்பு பிடித்து, குடிக்க மாட்டேன் என்று அவள் சொன்னால் போதும். அந்த வீம்பை வாழ்நாள் பூரா தலையில் வைத்துத் தாங்கலாம் என்று நினைத்தார்.

"இன்னா மாமா, சும்மா வச்சிட்டு இருக்கீங்க? குடிங்க" என்றாள் உமைமா.

"இரும்மா" என்றார்.

சுகரா தன் டம்ளரைத் தூக்கினாள். ஒரே மூச்சில் குடித்தாள். காலி டம்ளருக்குள் பார்த்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரின் மடியில் நிறைந்திருந்த டம்ளர் அவள் கண்ணில் பட்டது. கையை நீட்டி அதை எடுத்து, அதையும் குடித்துவிட்டாள்.